இப்ப இன்னா கேட்டுகினுகீற?

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. அதற்கேற்ற மாதிரி வேலையும் அமைந்துவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வந்து நிற்கும் யார்டில், கேட்டில் உட்கார்ந்து சீல் நம்பர் சரிபார்க்கிறவள் நான். காகிதத்தில் ஒரு நம்பர், கதவில் ஒரு நம்பர் என்று இருந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிடுவேன். டிரைவர்கள் என்னைத் திட்டாத நாள் கிடையாது. “யக்கா, உன் வூட்டுக்காரர் பாவம்கா” என்பார்கள். என் வீட்டுக்காரரும் டிரெய்லர் ஓட்டுகிறவர்தான். என் கேட் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவள். எங்கள் பிளாக்கில் சாவு விழுந்தால் மரண கானா பாட ஆள் வரும். செத்தவர் பேர், அவர் பெண்டாட்டி பேர், பிள்ளைகள் பேர், அவர் செய்த வேலை, குடித்த குடி, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிப் பாடுவார்கள். ஒரு சாவுக்குப் பாடியது இன்னொரு சாவுக்குப் பொருந்தாது. கேட்டுக் கேட்டு எனக்கு அதில் பைத்தியமே பிடித்துவிட்டது. கல்யாணப் பாட்டெல்லாம் எனக்கு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும்.

அப்படிப்பட்ட என்னைக் கொண்டுவந்து விட்ட இடம் திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில், இந்தப் பாட்டே கூடாது என்கிற வீடு. வந்த புதிதில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தேன். மாமியார் வந்து குழாயை மூடினார். “இந்தாமே, செத்த வூட்ல பாடுறத வாழுற வூட்ல இன்னாத்துக்குப் பாடுற? இந்த வூட்ல அது வேணாம்” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதனாலேயே பயந்துவிட்டேன்.

கூடத்துச் சுவரில் என் கணவருடைய அண்ணனின் போட்டோ மாட்டியிருந்தது. நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே எண்ணூர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனவர். கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். இவர் வரவில்லை, உடம்பும் வரவில்லை. அந்தப் போட்டோவுக்கு மாலை கிடையாது, பொட்டு கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை, பூ மிச்சமிருக்கிறதே, போடட்டுமா அத்தை என்று கேட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க அத்தை என்னோடு பேசவில்லை.

அதனால் திருட்டுத்தனமாகத்தான் கேட்பேன். அத்தை விடியும் முன்பே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு மத்தியானம்தான் திரும்புவார். காலையில் சமையல்கட்டு என் ராஜ்ஜியம். மெமரி கார்டு போடுகிற சின்ன ஸ்பீக்கர் ஒன்றை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

கேட்பதை யாரிடமாவது சொல்லவும் வேண்டுமே. வடசென்னையில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களெல்லாம் ஒரே வாட்ஸப் குழுவில்தான் இருந்தார்கள். நடத்துகிறவர் ராயபுரத்துக்காரர். தினமும் அவருடைய குரல் வரும்: “மாமு, இப்ப இன்னா கேட்டுகினுகீற?” உடனே ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். சொல்வதற்கு ஒரு முறை உண்டு. லிங்க் கூடாது, ஃபார்வேர்ட் கூடாது. இந்த நிமிஷம் உன் காதில் ஓடுவதை ஸ்பீக்கரில் விட்டு, போனைப் பக்கத்தில் பிடித்துப் பதிந்து அனுப்ப வேண்டும். சாவு வீட்டுக்காரர்கள் நம்பிக் கொடுத்த பாட்டு, சுத்தமான காப்பி வெளியே போகக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அதனால் பாட்டோடு அவரவர் வீடும் சேர்ந்து வரும். ஒருவருக்கு ரயில் போகும், ஒருவருக்குக் குழந்தை அழும். எனக்குப் பாதிச் சுகம் அதைக் கேட்பதில்தான்.

அந்தக் குழுவில் ஒரு நம்பர். பேர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி, படத்தில் ஒரு படகின் மூக்கு. வாய் திறந்து பேசாது, எழுதாது. பாட்டு மட்டும் அனுப்பும், அதுவும் மத்தியானத்துக்கு மேல்தான். அனுப்பின பாட்டையே திரும்பத் திரும்ப அனுப்பும். “மாமு, கார்ட மாத்து மாமு” என்று எல்லோரும் ஓட்டுவார்கள். பதிலே வராது. பின்னணியில் எப்போதும் காக்காய்க் கூட்டம். கடலோரம் என்றால் காக்காய் இல்லாமலா என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் யார்டில் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் புள்ளி அனுப்பியதைக் கேட்டேன். பாட்டு முடிகிற இடத்தில் ஒரு மோட்டார் நின்றது. நின்றது என்றால் சும்மா நிற்கவில்லை. இருமல்காரன் மாதிரி உதறி, அடங்கி, மறுபடியும் உதறிவிட்டு நின்றது. கையைக் கழுவிவிட்டு மறுபடியும் போட்டுக் கேட்டேன். அது எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார். அந்த இருமலைச் சரிபண்ணச் சொல்லி நான் கத்தாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

யாரோ என் வீட்டுக்குள் இருந்துகொண்டு என்னை வேவு பார்க்கிறார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றியது. நான் காலையில் அனுப்புவதையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டு ஒருநாள் அத்தையிடம் போட்டுக்கொடுக்கப் போகிறான் எவனோ. முதலில் மாடியில் குடியிருந்த பையன் மேல்தான் சந்தேகம். எந்நேரமும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரிவான், கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டான். அவன் பண்டிகைக்கு ஊருக்குப் போனான், கதவில் பூட்டு தொங்கியது. அன்றைக்கும் புள்ளியிடமிருந்து பாட்டு வந்தது, மோட்டாரும் இருமியது.

அப்படியானால் மிச்சம் என் வீட்டுக்காரர். அத்தையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன். கானா என்றாலே குழாயை மூடுகிற மனுஷி வேறு. வீட்டுக்காரர் என்றால் நடக்கக்கூடியதுதான். ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிற பேரில் என்னென்ன செய்கிறாரோ, யாருக்குத் தெரியும்? அவர் சட்டைப்பையைப் பார்த்தேன், வண்டி சீட்டுக்கு அடியில் பார்த்தேன், குளிக்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததால் சந்தேகம் இன்னும் கூடியது.

இதற்கு நடுவில் குழுவே நாறிப்போனது. யாரோ ஒரு பாட்டை எடுத்து யூடியூபில் ஏற்றிவிட்டார்கள். செத்தவருடைய மனைவி ராயபுரத்துக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து அழுதாராம், என் புருஷன் பேரைச் சொல்லிப் பாடினதை ஊரே கேட்டுச் சிரிக்குது என்று. ஏற்றியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு நான்கைந்து பேர் மேல் சந்தேகம். ராயபுரத்துக்காரரும் அதில் ஒருவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய குரல் வந்தது. “எவன் நல்லவன், எவன் கேப்மாரின்னு எனுக்குத் தெர்ல. இன்னிக்கு சாய்ந்தரத்துக்குள்ள அல்லாரும் வாயத் தொறந்து பேசணும். யாரு, எந்த ஏரியா, இப்ப இன்னா கேட்டுகினுகீற, சொந்தக் குரல்ல சொல்லணும். பேசாத நம்பர தூக்கிடுவேன். அந்தப் புள்ளிக்கும் சேத்துதான் சொல்றேன்.”

நான் பேசினால் புள்ளிக்கு என் குரல் தெரிந்துவிடும். பேசாவிட்டால் குழு போய்விடும். ஆனது ஆகட்டும் என்று, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த வீட்டுக்காரர் முகத்துக்கு நேராக என் போனை நீட்டினேன்.

“யோவ், இது யாரு நம்பரு? உண்மையச் சொல்லு, நீதான?”

அவர் அலட்சியமாகத்தான் வாங்கினார். பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார்.

“இது எங்கேந்து கெட்ச்சுது ஒனுக்கு?”

“மொதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“எங்க அண்ணன் நம்பருமே இது” என்றார்.

எனக்கு இருந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாட்டிக்கொண்டதும் செத்தவர் தலையில் போடுகிறாரே, சீ, இதுவும் ஒரு பிறவியா என்று நினைத்தேன். அவர் தன்னுடைய போனை எடுத்து, ‘அண்ணன்’ என்று சேமித்து வைத்திருந்ததைக் காட்டினார். இத்தனை வருஷமாக அவர் அதை அழிக்கவில்லை. நான் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சீல் நம்பர் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். எல்லாம் ஒத்துப்போனது. என் வாழ்நாளில் ஒரு நம்பர் ஒத்துப்போனதற்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

“அன்னிக்குக் கடலுக்குப் போவறப்போ சார்ஜுல போட்டுட்டுப் போனான். அந்தப் போன் காணாமப் பூட்ச்சுன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்” என்றார் அவர்.

அப்போது மேலே காக்காய் கத்தியது. விற்காமல் மிஞ்சுகிற மீனை அத்தை மொட்டை மாடியில்தான் கருவாடு காயப்போடுவார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படியேறும்போது அவருக்கு முன்னால் நான்தான் ஓடினேன்.

அத்தை தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் காக்காய் விரட்டுகிற குச்சி. மடியில் பழைய டச் போன், அதன் கண்ணாடி மூலையில் விரிசல். பக்கத்தில் துருப்பிடித்த ஸ்பீக்கர். ராயபுரத்துக்காரர் போனில் மறுபடியும் மறுபடியும் மிரட்டிக்கொண்டிருந்தார். அத்தை அதையே போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்து அவர் எதையும் ஒளிக்கவில்லை. “அவன் குரல்ல பேசணுமாமே” என்று என்னிடம்தான் சொன்னார், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்கிற மாதிரி. “நான் எங்க போவேன்?”

“எத்தினி நாளாம்மா இது?” என்றார் என் வீட்டுக்காரர்.

“அவன் போன் கூவிக்கினே கீதேன்னு எட்த்தேன்டா. மாமு, இன்னா கேட்டுகினுகீறன்னு தெனம் கேக்குறாங்க. அவன் கீறான்னு நெனச்சிதான கேக்குறாங்க? அதான் அவன் கார்டுல கீற பாட்டப் போட்டு வுடுவேன்.” குச்சியைத் தரையில் தட்டினார். “நம்ப தெருவுல போய்க் கேளு, அல்லாருக்கும் அவன் செத்துட்டான். இங்க மட்டுந்தான்டா கீறான். இங்கேந்தும் தூக்கிடுவேன்றான்.”

இத்தனை நாளாக இவரிடம் மாட்டிக்கொள்வேன் என்றுதானே பயந்தேன். அதற்குள் அத்தை என் பக்கம் திரும்பினார்.

“நீயும் பேசிடு. ஒன்னையும் தூக்கிடப் போறான்.”

“அத்தை, நான்…”

“தெரியும்மே. உன் பாட்டுல நம்ப குக்கர் கேக்கும். கூவ ஆரம்பிச்சிப் பாதில தொங்கிடும், வேற எந்த வூட்டு குக்கர் அப்டிக் கத்துது? நீ என்னக் கண்டுபுட்ச்சி வேவு பாக்கறியோன்னு எனுக்கு ஒரே டவுட்டு. நான் எந்த மூஞ்ச வெச்சிகினு உன்ன வந்து கேக்குறது?”

என் வீட்டுக்காரர் அண்ணன் பேச்சை எடுத்தாலே “போனவன் போய்ட்டான், வுடும்மா” என்று எழுந்து போகிறவர். அன்றைக்கு அம்மா எதிரில் வெயிலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியிலிருந்த போனை எடுத்தார், தொண்டையைச் செருமினார். “நான் திருவொத்தியூர்லேந்து பேசுறேன். இப்ப நம்ப கானாதான் கேட்டுகினுகீறேன்” என்று பதிந்தார். அனுப்பும் முன் அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் இப்டிப் பேசமாட்டான்டா. மொதல்ல மாமுன்னுவான். அப்பறம் லேசா சிரிப்பான்.”

மாமு என்பது சுலபமாக வந்துவிட்டது. சிரிப்புதான் வரவில்லை. அவர் பதிவதும், பாதியில் குரல் உடைந்து அழிப்பதுமாக இருந்தார். நான் காக்காய் விரட்டுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். கடைசியில் ஒருமுறை சிரித்துவிட்டார். அது யாருடைய சிரிப்பு என்று, அண்ணனைப் பார்த்தேயிராத எனக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும், “இது” என்றார். அனுப்பினோம்.

ராயபுரத்துக்காரர் உடனே கேட்டுவிட்டார். அவருடைய பதிலை அத்தைதான் விரலால் தட்டினார். மிரட்டல் எல்லாம் போய் அந்தக் குரலே மாறியிருந்தது.

“மாமு! உன் குரலக் கேட்டு எத்தினி வர்ஷம் ஆச்சு மாமு. எங்கதான்டா போய்ட்ட?”

அத்தை போனைத் துடைத்து மறுபடியும் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

“கேக்குறான் பாரு. கடலுக்குப் போயிருந்தேன்னு சொல்லுடா” என்றார்.