நான் எழுதிய நிபந்தனை

ஸ்விட்சரின் வலது ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பொத்தான் ஒன்று இருந்தது. மூன்று கேமராக்களில் எதன் படம் நேரலையில் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கருவிக்குத்தான் ஸ்விட்சர் என்று பெயர். கல்யாணம், காதணி விழா, தேர்த்திருவிழா என்று எல்லாவற்றுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போவோம் என்றாலும், எங்களை அதிகம் கூப்பிட்டவை சாவு வீடுகள். தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நடுவே உள்ள வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது குவைத்திலோ துபாயிலோ இருக்கிறார்கள். அடக்கத்துக்கு வர முடியாதவர்கள் போனில் பார்த்து அழுவார்கள். அவர்களுக்காகத்தான் அந்தச் சிவப்புப் பொத்தானுக்கு ஒரு மேக்ரோ எழுதினேன்.

மேக்ரோ பெரிய வித்தை ஒன்றுமில்லை. பல வேலைகளை வரிசையாகச் சேமித்து, ஒரே அழுத்தில் நடக்கவைப்பது. லேப்டாப்பை இணைத்து அதில் நான் நிபந்தனையும் சேர்த்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அழுத்தும்போது கூட்டத்தைக் காட்டும் கேமரா நேரலையில் இருந்தால், முகத்தைக் காட்டும் கேமராவுக்கு மாற வேண்டும். முகம் ஏற்கெனவே நேரலையில் இருந்தால், சவப்பெட்டியை மூடிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு இறந்தவரின் போட்டோவுக்குப் போக வேண்டும், பாட்டை ஓடவிட வேண்டும். பாட்டு முடியும்வரை மற்றப் பொத்தான்கள் எதுவும் வேலை செய்யாதபடி பூட்டியும் வைத்தேன். சாவு வீட்டில் யாராவது மேசையில் கையை ஊன்றிக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற ஜாக்கிரதைதான்.

முகக் கேமராவைப் பிடித்தவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வேதாரண்யத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பெட்டியின் அருகே போகும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். இறந்தவரின் பெயரை முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, "கொஞ்சம் படம் எடுத்துக்குறேம்மா" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் கேமராவைத் திருப்புவார். என் மேக்ரோவைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. "அது என்ன தம்பி, இருந்தா, இல்லாட்டின்னு? செத்தவங்ககிட்ட போயி நிபந்தனை போடுறியே" என்பார். நான் அவரைப் பட்டிக்காடு என்பேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் வேலை பார்த்தோம்.

அன்று இறந்தது ஒரு தாய். ஒரே மகள் குவைத்தில் நர்ஸ். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. வேலைக்கு நடுவே ஐந்து நிமிடம் வெளியே வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன், அதுவரை மூடாதீர்கள் என்று கூடப்பிறந்த அண்ணன்காரனிடம் சொல்லியிருந்தாள். அந்த ஊரில் கடைசி முத்தம் கொடுத்து, முகத்தில் வெள்ளைத் துணியைப் போட்டு, மூடியை அடித்துவிட்டால் அதோடு சரி. எதற்காகவும் திறக்க மாட்டார்கள். நடவு முடிந்த வயல்களின் வரப்பு வழியாகத்தான் கல்லறைக்குத் தூக்கிப் போக வேண்டும். தெற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. பங்குச் சாமியார் இரண்டு முறை வானத்தைப் பார்த்துவிட்டார். உறவுகள் முத்தம் கொடுத்து முடித்தார்கள், மகள் வரவில்லை. அந்தக் காத்திருப்பில் எனக்கே பதற்றமாகிவிட்டது. எதற்கும் தயாராக இருக்கட்டும் என்று முகக் கேமராவைக் கையாலேயே நேரலைக்கு மாற்றிவைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, "பாப்பா லைன்ல வந்துட்டா! காட்டுங்க!" என்று யாரோ கத்தினார்கள். கேமரா அண்ணன் வழக்கம்போல இடது கையை உயர்த்தினார். அந்தக் கை உயர்ந்தால் சிவப்புப் பொத்தான் என்பது எங்களுக்குள் பழக்கம். முகம் ஏற்கெனவே நேரலையில் இருக்கிறது என்பதை மறந்து நான் அழுத்தினேன். நான் எழுதிக்கொடுத்ததை அது பிசகாமல் செய்தது. முகம் மங்கியது, போட்டோ வந்தது, பாட்டு தொடங்கியது. நான் அழுத்திய எந்தப் பொத்தானும் கேட்கவில்லை. அங்கே பார்த்துவிட்டாள் என்று நினைத்து இங்கே துணியைப் போட்டார்கள். பாட்டு முடிந்தபோது மூடி அடித்த சத்தமும் ஓய்ந்திருந்தது. நேரலைதானே என்று ஸ்விட்சரிலும் கேமராவிலும் எதையும் பதிவு செய்யாமல் விட்டவனும் நான்தான்.

மகள் போனில் அலறியது பந்தல்வரை கேட்டது. அவளுடைய அண்ணன்காரன் ஓடிவந்து கேமராக்காரரின் சட்டையைப் பிடித்தான். "மூஞ்சிய விட்டுட்டு எதைய்யா காட்டுன?" அவன் கண்ணில் பட்டவர் அவர்தான், நான் ஸ்விட்சர் மேசையோடு ஒரு படுதாவுக்குப் பின்னால் இருந்தேன். கேமரா அண்ணன் படுதா விலகிய இடத்தில் என்னைப் பார்த்தார். நான் குனிந்து வயரைச் சரிபார்த்தேன். "தப்பாயிடுச்சுங்க. மன்னிச்சுக்குங்க" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. எழுந்து போயிருக்கலாம். படுதாவுக்கும் அவருக்கும் பத்தடிகூட இல்லை.

அதன் பிறகு அந்தப் பக்கத்துப் பங்குக் கோயில்களில் எங்கே பேசினாலும், "அந்தக் கேமராக்காரரு மட்டும் வேண்டாங்க" என்றார்கள். நானும் சரி என்று சொல்லி வேறு ஆளைப் போட்டுக்கொண்டேன். அவர் கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு வேதாரண்யத்துக்கே திரும்பி உப்பளத்தில் மூட்டை தூக்கப் போனார். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அந்தத் தாயின் முதல் வருட நினைவுத் திருப்பலிக்கு மகள் குவைத்திலிருந்து வந்திருந்தாள். கோயில் வாசலில் நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து நின்றாள்.

"அந்தக் கேமராக்காரர் வரலீங்களா?"

இல்லை என்றேன்.

"அன்னைக்கு அவர் மேல அவ்வளவு கோவம் எனக்கு. அப்புறம் நம்பர் வாங்கி அவரே போன் பண்ணாரு. எங்கம்மா மூஞ்சியப் பாத்ததும் அவங்கம்மா ஞாபகம் வந்து அழுதுட்டாராம். கண்ணு மறைச்சு கேமராவ விட்டுட்டேன், என்னைத் திட்டிக்கம்மான்னாரு. நான் பக்கத்துல இல்லாதப்ப எங்கம்மாவுக்காக யாரோ ஒருத்தராவது அப்படி அழுதாரேன்னு நெனச்சுதாங்க மனசைத் தேத்திக்கிட்டேன்." சற்று நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நெசமாவே அழுதாருங்களா?"

உண்மையைச் சொன்னால் அவளிடம் இருந்த அந்த ஒரு ஆறுதலும் போய்விடும். அவளை மேலும் நோகடிக்கக் கூடாது என்றுதான் "ஆமாங்க" என்றேன் என்று வீடு போகும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். ஆனால் அவள் கேட்ட அந்தக் கணத்தில் அவளுடைய ஆறுதல் என் நினைவிலேயே இல்லை. நான் தப்பித்துவிட்டேன் என்பது மட்டும்தான் இருந்தது.