குங்குமம் கசிந்த இரும்பு

பேய் இல்லை என்று இலங்கை மலைநாட்டில் ஊர் ஊராக மேடையேறி முழங்கியவன் நான். அந்த நாவால்தான் இதையும் சொல்கிறேன். நம்புவதும் நகைப்பதும் உங்கள் விருப்பம். நான் கண்டதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றமாட்டேன்.

1954ஆம் ஆண்டு. ஆயுத பூசைக்கு முந்திய வாரம். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். மாலைக் கூட்டத்தில் பேச வந்த என்னை, கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி வழிமறித்தாள். நிறைமாதக்காரி.

“ஐயா, ஸ்டோர்ல சாப்ட்டு இரும்பு குங்குமமாக் கக்குதுங்க. ஆத்தா எறங்கிட்டான்னு எல்லாரும் கும்பிடுறாங்க. எனக்குக் கும்பிட வரலைங்க. அதுக்கு நேர் கீழதான் எம் புருசன் அழகன் நிக்கிறாரு.”

ஸ்டோர் என்று அவர்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் சென்றேன். கூரையை ஒட்டி நீண்டு கிடந்தது ஓர் இரும்புத் தண்டு. அதுதான் அவள் சொன்ன சாப்ட்டு. அது சுழன்றால், பெல்ட்டுகளின் இழுப்பில் கீழே ரோலர்கள் கொழுந்தைக் கசக்கும். சென்ற ஆண்டு பூசையில் அதற்கு இட்ட குங்குமம், சுழன்றவுடன் சிதறிவிட்டதாம். அபசகுனம் என்று அஞ்சிய, தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் கணேசமூர்த்தி, பொட்டு நிலைத்து நிற்கவேண்டும் என்று இரும்பிலேயே உளியால் ஒரு சூலம் வெட்டச் செய்து, அதற்குள் குங்குமத்தை அப்பினார். இப்போது அந்த வெட்டிலிருந்து செந்தூள் கசிந்தது. துடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். நிறுத்தியபோது மீண்டும் கசிந்திருந்தது.

இளமையில் ரயில் பட்டறையில் கை கறுத்தவன் நான். அது குங்குமம் அன்று, துரு. வழவழப்பான இரும்பு பெரும் பாரத்தையும் தாங்கிச் சுழலும். அதில் கூரிய வெட்டு ஒன்று விழுந்துவிட்டால், பாரமெல்லாம் அந்த வெட்டின் முனையில் வந்து குவியும். அங்கே மயிரிழை போன்ற விரிசல் ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் வாய் திறக்கும், மூடும், சற்றே நீளும். அந்த வாய் அரைத்துத் துப்புவதே செந்தூள்.

சொன்னேன். கணேசமூர்த்தி வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சாமி இல்ல, பேய் இல்லன்னு பேச வந்தவரு, இரும்புக்கு நோவுங்கிறாரே! சரி, என்னைக்கு ஒடையும்? நாளைச் சொல்லுங்க, நிப்பாட்டுறேன்.”

“நாள் சொல்ல முடியாது. உடைவது உறுதி.”

“சோசியக்காரன்கூட நாள் சொல்றானே ஐயா!”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அழகன் மட்டும் சிரிக்கவில்லை.

நண்பகல் உணவுக்கு எந்திரம் நின்றது. எல்லாரும் வெளியேறினார்கள். மூடுபனி சன்னல்களை அடைத்தது. நான் மட்டும் தண்டின் கீழே நின்றேன்.

டங்... டங்... டங்...

நல்ல இரும்பின் ஓசை. மேலே யாரோ தண்டைத் தட்டிக்கொண்டே வருகிறார்கள். சூலத்தருகே வந்ததும்...

டொக்.

செத்த ஓசை.

அண்ணாந்தேன். உத்திரத்தின்மேல் ஒருவன் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். உடலெல்லாம் நனைந்திருந்தது. கையில் அரம். சரக்... சரக்... வெட்டை ராவினான். எனக்கு உயிர் வந்தது. கூர்முனையை மழுக்கினால் இரும்பின் வேதனை ஓரளவு தணியும். தொழில் தெரிந்தவன்தான்!

“பிட்டரா தம்பி? முனை இல்லாமல் வட்டமாக ராவு.”

“இன்னும் கொஞ்சந்தாங்க.”

குரல் அவனிடமிருந்து வரவில்லை. தண்டுக்குள்ளிருந்து வந்தது.

என் வெள்ளைச் சட்டையில் செந்தூள் உதிர்ந்தது. ஈரமாக இருந்தது.

மணி ஒன்று. சங்கு ஊதியது. ஆட்கள் திரும்பினார்கள். எந்திரம் உறுமியது. தண்டு சுழன்றது.

அவன் இறங்கவில்லை.

சரக்... சரக்...

“நிறுத்துங்கள்! மேலே ஆள்!”

கணேசமூர்த்தி அண்ணாந்து பார்த்தார். “எங்கய்யா ஆளு? டேய் அழகா, ரோலர்கிட்டப் போடா. பயமா இருந்தாச் சொல்லு. பேரை வெட்டிடுறேன், குடியிருக்குற லயத்துக் காம்பராவக் காலி பண்ணிட்டுப் போ.”

அழகன் என்னைப் பார்த்தான்.

“புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு எங்கங்க போவேன்?”

போய் நின்றான்.

சரக்... சரக்...

ஓசை நின்றது.

தண்டு முறிந்தது. பெல்ட்டுச் சக்கரத்தோடு இறங்கியது. அழகனின் கழுத்துக்கு மேலே எதுவும் மிஞ்சவில்லை.

உடலை அகற்றி, ரோலரைக் கழுவினார்கள். கழுவுமுன் அதிலிருந்து அள்ளிய கொழுந்தை வீணாக்க மனமின்றி, தண்டு முறியாத பக்கத்து ரோலருக்கு மாற்றச் சொன்னார் கணேசமூர்த்தி.

தண்டு முறிந்த முகத்தைக் குனிந்து பார்த்தேன். சிப்பியின் உட்புறம் போல வரிவரியாக வழவழப்பு. ஓரத்தில் மட்டும் விரலகலம் புதுமுறிவு. அவ்வளவுதான் மிச்சமிருந்திருக்கிறது. சூலத்தின் முனையோ மழுங்கியிருக்கவில்லை. கத்தி வாய் போலத் தீட்டப்பட்டிருந்தது. அரம் பட்ட இடம் புதிதாய்ப் பளபளத்தது.

எஞ்சின் ஓட்டும் சின்னத்தம்பியிடம் கேட்டேன், அந்தப் பிட்டர் யார் என்று.

“பிட்டரு ஏதுங்க? இருந்தவன் மூக்கன். போன வருசம் சூலம் வெட்டச் சொன்னப்ப, ‘ஓடுற இரும்புல உளி வைக்க மாட்டேன்’னுட்டான். அன்னைக்கே பேரை வெட்டி மழையில வெரட்டிட்டாங்க. அழகன் உளியப் புடிச்சான். மூக்கனோட காம்பராவ அவனுக்குக் குடுத்தாங்க.”

“மூக்கன் இப்போது எங்கே?”

“மறுநா விடிஞ்சப்ப பாலத்தடியில வெறைச்சுக் கெடந்தான். கையில அரம். வெரலைப் பிரிக்க முடியல. அரத்தோடயே பொதைச்சோம்.” சின்னத்தம்பி குரலைத் தாழ்த்தினான். “குழி வெட்டுனதும் அழகன்தாங்க.”

பழி தீர்ந்தது என்பார் உண்டு. யார்மேல் தீர்ந்தது? வெட்டு என்று ஆணையிட்டவர் பத்தடி தள்ளித்தான் நின்றார். அவர் சட்டையில் தூசியும் படவில்லை. குடியிருக்க ஓர் அறைக்காக உளி பிடித்தவன் தலையிழந்தான். செத்த பின்னுமா ஒரு தொழிலாளிக்குத் தன் மேலதிகாரிமீது கையோங்கத் துணிவு வரவில்லை?