ராணி சொல்லிக்கொடுத்த கதை
புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், கோலியர்ஸ் வுட் பக்கம் ஒரு பூங்காக் குளம், ஞாயிற்றுக்கிழமை நண்பகல். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் சிவநேசன் தூண்டிலைப் பிடித்தபடி ஊரில் இருந்த காலத்து வன்னிக் காட்டுப் பன்றி வேட்டையைச் சொல்கிறார். காயம்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்ததாம். இவர் அசையாமல் நின்று சுட்டாராம்.

"எங்க நிண்டவர்? மரத்தில ஏறிட்டார். சுட்டது என்ர அண்ணை," என்கிறார் மனைவி ராணி. மகள் சிரிக்கிறாள்.

"ஓம், ஏறினனான்தான்," என்று அவரும் ஒப்புக்கொள்கிறார்.

அப்போது தூண்டில் வளைகிறது. முழங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை. ராணி பையை விரிக்கும்போதே பூங்காக் காவலர் வந்து, இங்கே பிடிக்கிற மீனைத் திரும்ப விட வேண்டும் என்கிறார். சிவநேசன் அதை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறார்.

காவலர் போன பிறகு, "கொஞ்சம் கேட்டுப் பார்த்திருக்கலாமே?" என்கிறேன்.

"அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லைத் தம்பி. ஒரு மீனுக்காக என்ர பேரை ஒருத்தரும் எழுத வேண்டாம்."

அவர் புல்லில் கையைத் துடைக்கிறார்.

"ஆரும் கேட்டா நூல் அறுந்திட்டுதெண்டு சொல்லுங்கோ," என்கிறார் ராணி கணவரிடம். "பெரிய மீனெண்டும் சொல்லுங்கோ."