கலுங்குப் பலகையும் என் படகும்

கலுங்குப் பலகையைப் பிடுங்கியது நீதான், மச்சான். என் படகு இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நல்ல மழை பெய்த ஒரு வருடம். மதுரைக்கு மேற்கே எங்கள் ஊர்க் கண்மாய் கரை தெரியாமல் நிறைந்து கிடந்தது. திருப்பரங்குன்றத்துத் தச்சர் ஒருவரை வைத்துப் பத்தடிக்கு ஒரு படகு செய்து, அடியில் தார் பூசினேன். கண்மாயை நீளவாக்கில் கடந்து, நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கு வந்ததும் படகைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கி, மிச்சத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் வழியே அடுத்த கண்மாய்க்கும் அதற்கடுத்த கண்மாய்க்கும் போக வேண்டும். நான்கு நாள் பயணம். துணைக்கு என் மனைவியின் அண்ணன், நீ. கொழும்புக்கா போறீக என்று கரையில் நின்றவர்கள் கேட்டுச் சிரித்தார்கள்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. கருவேல மரங்களின் உச்சி மட்டும் வெளியே தெரிய, அவற்றுக்கு நடுவே கழி ஊன்றிப் போனோம். படகு ஒழுகியது. நான் போகணியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தேன். புளிச்சோறு நனைந்து போனதுகூடச் சிரிப்பாக இருந்தது. கண்மாயின் உள்சரிவில் உன் நெல் வயல் மூழ்கிக் கிடந்தது, பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. அதைக் கடக்கும்போது நீ கழியைத் தொடவே இல்லை.

மறுநாள் மதியம் கலுங்குக்கு வந்தோம். அங்கே நட்ட கற்களுக்கு இடையில் பலகை செருகி, களிமண் அப்பி, ஓரடித் தண்ணீரைக் கூடுதலாக நிறுத்தி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். கரைக்கு வெளியே இருக்கும் வயல்களுக்குக் கடைசித் தண்ணீர் அதுதான். உன் வயலை மூழ்கடித்ததும் அதே ஓரடிதான்.

படகைத் தூக்க ஆள் கூட்டி வர ஊருக்குள் போனேன். நான்கு பேரோடு திரும்பி வந்தால், பலகைகளைக் காணோம். அடைக்க முடியாத வேகத்தில் தண்ணீர் வெள்ளையாகக் கொட்டியது.

"படகு முட்டிருச்சு மாப்ள. நான் என்ன செய்யட்டும்" என்றாய்.

உன் கையில் முழங்கை வரை களிமண். படகின் மூக்கில் பூசிய தாரில் ஒரு கீறல் இல்லை. நான் பார்த்தேன். மற்ற நால்வரும் பார்த்தது ஓடுகிற தண்ணீரை மட்டும்.

ஊர்க்கூட்டத்தில் என்னைத்தான் நிறுத்தினார்கள். நீ தலை குனிந்து நின்றாய். படகை உடைத்து விறகாக்கினார்கள். தையில் மடை வற்றி, பால் பிடித்த கதிரெல்லாம் பதராகிவிட்டது. என் அப்பாவின் வயலும் அதில் போனது. சாகும்வரை அவர் என்னோடு பேசவில்லை. நான் டீக்கடைக்குப் போனால், "படகுக்காரன் வாரான், பலகையப் பாத்துக்கங்கப்பா" என்பார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் கிளம்பியபோது உன் தங்கை வாசலில் நின்றாள். "எங்க அண்ணன் பேர எடுத்தீகன்னா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். போயிருப்பாள். பயந்து வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோழைத்தனம் என்னுடையது, அதை உன் மேல் போடவில்லை.

உன் பயிர் தப்பியது. பிறகு நீ கே.கே. நகரில் வீடு கட்டி, ஊர்ப்பக்கம் வருவதையே விட்டுவிட்டாய்.

உன் நெல் மூழ்கியது அநியாயம்தான். அதைக் கூட்டத்தில் கேட்டிருந்தால் நானும் உன் பக்கம் நின்றிருப்பேன். நீ கேட்கவில்லை. என் படகைச் சாக்காக வைத்துக்கொண்டாய்.

ஊர்க்கூட்டம் இப்போதும் அமாவாசைக்கு அமாவாசை கூடுகிறது. என் அப்பா வயதுக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களும் போய்ச் சேருவதற்குள் வந்து நில். அன்று நான் ஆள் கூட்டப் போயிருந்தபோது நீ செய்ததை எல்லார் முன்னாலும் உன் வாயால் சொல்.