கன்னியம்மாவின் பாலில் முழுகிய கண்ணாடி

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பித்தளைக் கருவியை வாங்கி வந்து, "சார், உங்களுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி, இன்னான்னு சொல்லுங்க" என்றார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தும் "தெரியலையே" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் முகம் சுண்டிப் போயிற்று. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம், யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நான் மேனாம்பேட்டில் குடியிருந்து, அம்பத்தூரில் ஒரு மரக்கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூந்தமல்லியில் பாய் கடைக்குப் போய்விடுவேன். துருவும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை இப்போதுகூட மூக்கில் ஏறுகிறது. துரைமார் விற்றுவிட்டுப் போன தட்டுமுட்டுச் சாமான் அங்கே மலைபோல் கிடக்கும். பாய் ஒவ்வொன்றாக எடுத்து, "இது இன்னான்னு தெர்ல தம்பி, நீயே சொல்லு" என்பார். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான் என் பாண்டித்தியம். அவித்த முட்டை வைக்கிற பீங்கானை மருந்துக் கிண்ணம் என்று அடித்துச் சொன்னவன் நான். கேள்வி கேட்க யார் இருந்தார்கள்?

அங்கேதான் ஒரு கண்ணாடிக் குழாய் கிடைத்தது. அடியில் ஈயக்குண்டுகள், கழுத்தில் எண்கள். பட்டணத்தில் ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் கையில் அதே மாதிரி ஒன்றைப் பார்த்திருந்தேன். "பாய், இது பால்மானி! தண்ணி கலந்த பால்ல போட்டா முழுகிடும்!" என்று குதித்தேன்.

மறுநாள் காலையே பால்காரி கன்னியம்மா ஊற்றிய பாலில் போட்டேன். புருஷன் இல்லாதவள், மூன்று பிள்ளைகள், ஒரே மாடு. எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்கு ஊற்றித்தான் பிழைத்தாள். கண்ணாடி தலைவரைக்கும் முழுகிவிட்டது. தெருவைக் கூட்டிக் காட்டினேன். என்ன பெருமை எனக்கு!

"கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்றேன் நைனா, ஒரு சொட்டு தண்ணி ஊத்தல" என்று அழுதாள். அடுத்த நாள் மாட்டையே வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். "உன் ஊட்டு சொம்பக் கொடு, கண்ணு முன்னால கறக்கறேன். இப்போ போட்டுப் பாரு."

கறந்தாள். போட்டேன். அதே மாதிரி முழுகிற்று.

அப்போதே எனக்கு உறைத்துவிட்டது, கோளாறு கண்ணாடியில்தான் என்று. ஐந்து வீட்டுக்காரர்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெட்டிக்காரன் என்கிற பேர் போய்விடுமே என்று பயந்து, "மாட்டுக்கு வயிறு முட்டத் தண்ணி காட்டி இட்டாந்திருக்கா" என்றேன். சே! எப்படித்தான் அந்த வார்த்தை வந்ததோ! ஐந்து வீட்டிலும் அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஆவடிப் பட்டாள ஷெட்டுக்கு மரம் இறக்கப் போனேன். அங்கே ஒரு மெக்கானிக், லாரி பேட்டரியிலிருந்து எடுத்த ஆசிட்டில் அதே மாதிரிக் கண்ணாடியை மிதக்கவிட்டுக்கொண்டிருந்தான். "பால்ல போட்டா?" என்று கேட்டேன்.

"பால்லயா? இது ஆசிட்டு கனத்தப் பாக்கறது, எந்தப் பாலா இருந்தாலும் முழுகிடும் அண்ணாத்தே!" என்று சிரித்தான். வெட்கங்கெட்டவன், நானும் கூடச் சிரித்தேன்.

வெளியே வந்தால், ஷெட் கட்டுகிற சித்தாள்களோடு செங்கல் கூடையைச் சுமந்துகொண்டு கன்னியம்மா நிற்கிறாள். நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். அவளோ வாஞ்சையாக, "நல்லா கீறியா நைனா?" என்றாள். "நீ படிச்சவன், நீ சொன்னது மெய்யாத்தான் இருக்கும். மாட்டுலதான் இன்னாவோ கொற. எம் புள்ளைங்களுக்குக்கூட அந்தப் பால குடுக்கல. அடிமாட்டுக்கு ஓட்டிட்டேன்."

"அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்துவிட்டேன்.

மேய்ச்சல் நிலமெல்லாம் இன்று மாடி வீடுகள். வாசலில் மாட்டை நிறுத்திப் பால் கறப்பவர்களும் இல்லை. கன்னியம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. அன்றைக்கு அந்தச் சொம்பைச் சுற்றி நின்றவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். அந்த மாடு நல்ல பால்தான் கொடுத்தது. அதை நான் யார் யாரிடம் சொல்ல வேண்டுமோ, அவர்களில் ஒருவரும் இப்போது இல்லை.