பனிப் பையும் காணி உறுதியும்

பனியைப் பற்றி என் மச்சாளுக்குத் தெரிந்த அளவு லண்டனில் நாங்கள் இருந்த குட்மேய்ஸில் வேறு ஒருவருக்கும் தெரியாது என்பது அப்பாவின் முடிவு. அவளுக்கு அப்போது பதினொரு வயது, எனக்குப் பத்து. பதினொரு வயதில் ஒருத்தி அப்படி என்னத்தைத் தெரிந்து வைத்திருக்க முடியும் என்று நான் என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன். அவள் நோர்வேயில் பிறந்தவள். அங்கே வருடத்தில் பாதி பனி. பாதி வருடம் பனிக்குள் நின்றால் மாடுகூடப் பனியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

அவள் அப்பாவின் தங்கையின் மகள். தாய் நோயில் இறந்த பிறகு தகப்பன் அவளைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தார். மனோர் பார்க்கில் நாலு ஆண்களோடு ஓர் அறையில் தங்கி, ஒரு கடையில் இரவு ஷிப்ட் செய்தார். அந்த அறையில் பெண்பிள்ளையை வைத்திருக்க முடியாதென்று, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி, எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அந்தக் கொஞ்ச நாள் என் அறைக்குள் இன்னொரு கட்டிலாக வந்து, ஜன்னல் பக்கத்தையும் பிடித்துக்கொண்டு ஏழு மாதமாகியிருந்தது.

தாயில்லாப் பிள்ளை என்ற ஒரு சொல்லால் அவளுக்கு எங்கள் வீட்டில் எல்லாம் கிடைத்தது. மீன் பொரித்தால் பெரிய துண்டு அவளுக்கு. தலை வாரினால் முதலில் அவளுக்கு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் எழுத்துப் பிழை விட்டால் திட்டு, அவள் விட்டால் பாவம். எனக்குத் தாய் இருந்தது என் பிழையா? வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்த நாட்களில் நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன்.

மார்கழி விடுமுறைக்குச் சற்று முன்னர் எனக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்தது. ஒரு மாலை தண்ணீர் குடிக்கப் போனபோது, குசினிக்குள் அம்மாவும் அப்பாவும் கதைப்பது கேட்டது. விம்பிள்டனில் இருக்கும் பெரியம்மா, அம்மாவின் அக்கா, பிள்ளை இல்லாதவர், மச்சாளைத் தன்னிடம் விடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு மனமில்லை. தங்கையின் பிள்ளை தன் வீட்டில் வளர வேண்டும் என்றார். வீடு சிறிது, இரண்டு பெட்டைகளும் எந்த நேரமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிகிறார்கள் என்றார் அம்மா. கடைசியில் அப்பா சொன்னது நன்றாகக் கேட்டது.

“ஸ்கொட்லாந்து போட்டு வந்து யோசிப்பம். பிள்ளை எங்களோடை எப்பிடி ஒத்துப்போகுது எண்டு பாப்பம்.”

நான் தண்ணீர் குடிக்காமலே அறைக்கு ஓடினேன். மச்சாள் படிக்கட்டின் மேலே, திறந்திருந்த அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஏதோ தேடிக்கொண்டு நின்றாள். நான் உள்ளே வந்ததும் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆறு மணிக்கே நித்திரையா, சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கொட்லாந்துக்கு எங்களை அழைத்தவர் அப்பாவின் பழைய நண்பர். மலேசியத் தமிழர், வடக்கே ஆட்களைவிட ஆடுகள் அதிகமாக இருக்கும் ஓர் ஊரில் டொக்டர். கடைசி நாற்பது மைலில் வீடும் இல்லை, கடையும் இல்லை, போனும் வேலை செய்யாது, பனியில் கார் நின்றால் நீங்களேதான் உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவசரத்துக்கு ஒரு பை கட்டாயம் அடுக்கிக்கொண்டு வாருங்கள் என்று அவர் போனில் சொல்லிவிட்டார். அப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. மச்சாளைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவள் கொடி பறந்தது. அப்பா வாங்கி வந்த தோட்டத்தில் மண் அள்ளும் சவளை ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, இது மண்ணுக்கு, பனிக்கு அகலமானது வேண்டும் என்றாள். அப்பா மழைக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்தார். பிடி கட்டையான, தகடு அகலமான சவள். பிறகு ஆளுக்கொரு கம்பளிப் போர்வை, இரண்டு சோடி காலுறை, டோர்ச், மெழுகுதிரி, அதை ஏற்றி வைக்க ஒரு பழைய மீன் டின், நெருப்புப்பெட்டி, இழுவைக் கயிறு, சொக்கிலேற். கடைசியாக ஒரு சின்னப் பொதி மணல். கார்ச் சில்லு பனியில் வழுக்கினால் கீழே போட என்றாள். காசு குடுத்து மண் வாங்கின முதல் யாழ்ப்பாணத்தான் நீங்கள்தான் என்று அம்மா அப்பாவைச் சொன்னார். அப்பாவுக்கு அதுவும் பெருமையாகவே இருந்தது. பெற்றோல் பாதிக்குக் கீழே இறங்க விடக்கூடாது, கார் நின்றால் புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, என்னைக் கூப்பிட்டு, கேள், கேட்டுப் பழகு என்றார். எனக்குப் பற்றி எரிந்தது. நானும் ஒரு யோசனை சொன்னேன், குடை கொண்டுபோவோம் என்று. இருவரும் சிரித்தார்கள்.

இதற்கிடையில் அம்மா தன் பாட்டுக்கு இன்னொரு பை அடுக்கிவிட்டார். இல்ஃபோர்ட் சந்தையில் சோடியாக வாங்கிய, சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்ட பெரிய பிளாஸ்டிக் பைகள் எங்கள் வீட்டில் இரண்டு இருந்தன. ஒன்று மச்சாளின் பனிப் பை. மற்றதற்குள் அம்மா வைத்தவை: எங்கள் எல்லோருடைய பிறப்புப் பத்திரங்கள், பாஸ்போட்டுகள், கலியாணப் படம், ஊர்க் காணியின் உறுதிப் பத்திரம், அந்த உறுதியின் போட்டோப் பிரதி, ஒரு பொட்டலம் பனங்கட்டி. மேலே பாரத்துக்குப் பழைய சேலைகள் நாலு. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்கொட்லாந்தில் ஆர் உன்னட்டைக் காணி உறுதி கேக்கப் போறான் என்றார்.

“அவசரத்துக்குப் பை அடுக்கச் சொன்னது நீங்கள்தானே,” என்றார் அம்மா. “அவசரமெண்டால் இதுதான்.”

நான் பிறப்பதற்கு முன், சண்டையில் ஊரே எழும்பி நடந்தபோது, அம்மா தூக்கிக்கொண்டு வந்தது இப்படி ஒரு பையைத்தான். அதிலிருந்து அவசரம் என்ற சொல்லுக்கு அவரிடம் வேறு பொருள் இருக்கவில்லை. காருக்குள் இடமில்லை, ஒரு பைதான் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். காரின் பின்பெட்டிக்குள் ஏற்கெனவே டொக்டருக்கென்று பத்துக் கிலோ சிவப்புப் புழுங்கலரிசியும் மிளகாய்த்தூளும் முறுக்கு டின்னும் இருந்தன. அம்மாவின் பை படிக்கட்டுக்குக் கீழே போனது. பனிப் பையை ஏற்றும் பொறுப்பு மச்சாளுக்கு.

வெளிக்கிடும் நாள் காலை அவள் பையை வாசலில் வைத்துவிட்டுச் சப்பாத்துப் போட மேலே போனாள். அந்த ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. சிப் முழுதும் மூடாமல் பிதுங்கிக்கொண்டிருந்த பனிப் பையை இழுத்துப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளினேன். அம்மாவின் பையை எடுத்து வாசலில் வைத்தேன். அப்பா வந்து தூக்கிப் பின்பெட்டிக்குள் போட்டு மூடினார். என் திட்டம் மிகவும் எளிமையானது. டொக்டரின் வீட்டில் பையைத் திறப்பார்கள், காணி உறுதி வரும், கெட்டிக்காரியின் சாயம் வெளுக்கும், விம்பிள்டன். வழியில் உண்மையிலேயே ஓர் அவசரம் வரக்கூடும் என்று நான் நினைக்கவேயில்லை. அவசரம் என்பது ஊரில் வருவது. இங்கே வந்தால் பொலிஸுக்குப் போன் எடுப்பார்கள்.

முதல் நாள் கிளாஸ்கோவில் தங்கினோம். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு, டொக்டர் சொன்ன அந்த நாற்பது மைலுக்குள் பனி கொட்டத் தொடங்கியது. ஒற்றைப் பாதை. எதிரே ஒரு லொறி வர, அப்பா ஓரம் ஒதுங்கினார். ஓரம் என்று அவர் நினைத்தது பனி மூடிய வாய்க்கால். இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் இறங்கிவிட்டன. லொறிக்காரன் கவனிக்காமலே போய்விட்டான். போனில் ஒரு கோடுகூட இல்லை.

அப்பா பயப்படவில்லை. எங்களிடம்தான் எல்லாம் இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே இறங்கி, மச்சாளைப் பின்னால் வரச் சொன்னார். நான் பின்சீற்றுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பையின் சிப்பை இழுத்தாள். மேலே சேலை. அதைத் தூக்கினாள். கீழே கலியாணப் படத்தில் அப்பாவும் அம்மாவும் மாலையோடு நின்றார்கள்.

“உன்னை நம்பித்தானே பிள்ளை விட்டனான்,” என்றார் அப்பா. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

அவள் நிமிர்ந்து சீற்றுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

“நான்தான் மாறி வைச்சிட்டன் மாமா.”

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட்டால் சிரிப்பீர்கள், அதிலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. என் மீன்துண்டை எடுத்தாள், ஜன்னலை எடுத்தாள், இப்போது நான் செய்த குற்றத்தையும் எடுத்துக்கொண்டாள், அதிலும் நல்ல பெயர் வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

மணல் இல்லாததால் அப்பா அரிசியைக் கொட்டினார். பத்துக் கிலோச் சிவப்பரிசியும் சில்லுக்குக் கீழே போயிற்று. சில்லு சுற்றிச் சுற்றி அதைப் பொங்கும் பதத்துக்குக் கொண்டுவந்ததே தவிர, கார் அசையவில்லை. அதன் பிறகு மச்சாள்தான் எல்லாம் செய்தாள். முறுக்கு டின்னின் மூடியால் புகைக்குழாயைச் சுற்றியிருந்த பனியை வழித்தாள். என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிற்பாட்டச் சொன்னாள். பெட்டியிலிருந்த உடுப்பையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடச் சொன்னாள். அம்மாவின் சேலைகளை ஆளுக்கொன்றாகச் சுற்றிக்கொண்டோம். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. என் ஒற்றைக் கையுறையைக் காணவில்லை, எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. விரல் விறைத்து அழுதபோது அவள் தன்னுடைய ஒன்றைக் கழற்றி என் கையில் மாட்டினாள். நான் நன்றி சொல்லவில்லை.

பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இருந்தோம். எங்களைக் கதையில் வைத்திருக்க நினைத்தோ என்னவோ, அம்மா உறுதியை எடுத்து மடியில் விரித்தார். உறுதி எண்டால் நிச்சயம்தானே மாமி, இது என்ன பேப்பர் என்று மச்சாள் கேட்டாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அந்த ஒரு பொருளைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அம்மா விளக்கினார்.

“இது கையிலை இருந்தால் அந்த இடம் உன்ரை. ஒருத்தரும் உன்னை எழும்பிப் போ எண்டு சொல்லேலாது.”

மச்சாள் அந்தத் தாளைத் தடவிப் பார்த்தாள். முத்திரையை, கையெழுத்தை, எல்லாவற்றையும் தடவினாள். பிறகு கேட்டாள்.

“எனக்கும் ஒண்டு எழுதித் தாங்கோவன் மாமி.”

எல்லோரும் சிரித்தோம். அப்பா அவ்வளவு நேரத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். நோர்வேக்காரிக்கு யாழ்ப்பாணத்தில் காணி கேக்குது என்றார். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன், அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்த சந்தோசத்தில். அவளும் கொஞ்சம் பிந்திச் சிரித்தாள்.

சற்று நேரத்தில் ஒரு விவசாயி டிராக்டரில் வந்து கயிறு கட்டி எங்களை இழுத்துவிட்டார். பனியில் சிவப்பாகக் கிடந்த அரிசியை டோர்ச் அடித்துப் பார்த்து, பறவைகளுக்கா என்று கேட்டார். அப்பா ஆமென்றார்.

தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை மச்சாள் விம்பிள்டனுக்குப் போனாள். அந்தப் பைக்காகத்தான் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் பொறுப்பை நம்பிக் கொடுக்க ஏலாத வயசுதானே, நாங்களும் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், அங்கே என்றால் பெரியம்மா முழுநாளும் வீட்டில் இருப்பா என்று அப்பா தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டதைக் கேட்டேன். பெரியம்மா வந்து வாசலில் நிற்க, அம்மா அவளை உடுப்புகளை அடுக்கச் சொன்னார். அவள் குனிந்து கட்டிலுக்குக் கீழேயிருந்து தன் பழைய பள்ளிக்கூடப் பையை இழுத்தாள். அது ஏற்கெனவே அடுக்கியிருந்தது. அதன் அடியில் இருந்த தூசியைப் பார்த்தால் அது இன்றைக்கு நேற்று அடுக்கியதல்ல. அவளுடைய வழக்கமான கெட்டித்தனம் என்று மட்டும் நான் நினைத்தேன்.

போகும்போது பையின் முன்பக்கத்தைத் திறந்து என் ஒற்றைக் கையுறையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பயணத்தால் வந்த அன்றைக்குப் பனிப் பையைப் பிரித்து அடுக்கியவள் அவள்தான். அதற்குள் கிடந்தது என்றாள்.

அவள் அதை அப்பாவிடம் ஒரு தரம் காட்டியிருந்தாலே போதும், பையை மாற்றியது யாரென்று தெரிந்திருக்கும். எனக்கு அது தோன்றவேயில்லை. கீழே ஓடிப்போய், மூன்று கிழமையாக என் கையுறையை ஒளித்து வைத்திருந்தாள் கள்ளி என்று, அவள் சப்பாத்துப் போட்டு முடிக்கும் முன்பே அம்மாவிடம் கோள் சொன்னேன்.