ஒரு ஷவல் அகலம் தாண்டி

ஆர்விட் நிஸ்கனென் அமெரிக்காவின் துலூத் துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கப்பல்களில் இரும்புத்தாது ஏற்றியவர். ஓய்வு பெற்றபின் அவருக்கு இரண்டே வேலை. ஒன்று, நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு முன்னறைக் கட்டிலில் கிடந்த மனைவி மார்லிஸ். இன்னொன்று, வீட்டு முன் நடைபாதையில் விழும் பனியை ஷவலால், அதாவது அகன்ற மண்வாரியால், தள்ளுவது. இரண்டும் ஒரே வேலைதான் என்றும் சொல்லலாம். வாரம் மூன்று நாள் வரும் நர்ஸ், பாதை சுத்தமாக இருந்தால்தான் வீட்டுக்குள் வருவாள். அவள் வருவது நின்றால் மார்லிஸை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

பனி நின்று ஒரு நாளுக்குள் அவரவர் வீட்டு முன்னால் அவரவர் தள்ளிவிட வேண்டும் என்பது நகராட்சி விதி. எங்கள் தெருவின் விதி இன்னும் நுணுக்கமானது. அடுத்த வீட்டு எல்லையோடு கறாராக நிறுத்தினால் சண்டை என்று அர்த்தம். எல்லையை ஒரு ஷவல் அகலம் தாண்டி நிறுத்துவதுதான் மரியாதை. முதலில் எழுந்தவர் இரண்டு வீட்டுக்கும் தள்ளிவிட்டால், அடுத்த பனிக்கு மற்றவர் முந்திக்கொள்ள வேண்டும். நன்றி என்று வாயால் யாரும் சொல்வதில்லை.

ஆர்விட்டும் பக்கத்து வீட்டு டுவேனும் இருபது குளிர்காலத்தை இப்படியே ஓட்டினார்கள். பிறகு ஆர்விட்டின் முதுகெலும்பில் டிஸ்க் விலகியது. அந்த டிசம்பரில் தொடர்ந்து ஐந்து பனிக்கு டுவேனே இரண்டு வீட்டுக்கும் தள்ளினார்; ஆர்விட்டால் ஒரு தடவைகூட முந்திக்கொள்ள முடியவில்லை. ஆறாவதுக்கு முன் ஆர்விட் வேலியோரம் போய் நின்றார்.

"என் பக்கத்தை விட்டுடு, டுவேன்."

"ஏன், நான் தள்றது சரியில்லையா?"

"நல்லாத்தான் தள்ற. விட்டுடு."

"உன் முதுகு?"

"அது என் முதுகு."

"சரிப்பா. உன் முதுகு, உன் பனி."

வேண்டாம் என்றவன் வீட்டுப் பனியை எங்கள் தெருவில் யாரும் தொட மாட்டார்கள். தொட்டால், நீ கையாலாகாதவன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அடுத்த பனிக்கு டுவேன் எல்லையை ஒரு ஷவல் அகலம் தாண்டினார், நிறுத்தினார், உள்ளே போனார்.

ஜனவரியில் ஒரு நாள் மழை பெய்து அப்படியே உறைந்தது. நர்ஸ் டெனீஸ் காரை விட்டு இறங்காமல் போன் செய்தாள்.

"சார், பாதை பூரா ஐஸ். நான் ஏற மாட்டேன்."

"ஐஸ் உருக உப்பு போட்டிருக்கேனே."

"இந்தக் குளிருக்கு உப்பு என்ன பண்ணும்? மூணு தடவை நாங்க திரும்பிப் போனா ஆபீஸ்ல கேஸை மூடிருவாங்க. இது ரெண்டாவது. பக்கத்து வீட்டுக்காரர் பளிச்சுனு வெச்சிருக்காரே, அவர்கிட்ட கேக்கலாமில்ல?"

"கேக்குறேன்" என்றார் ஆர்விட்.

கட்டிலிலிருந்து மார்லிஸ் சொன்னாள்: "நீ கேக்க மாட்டே."

"கேக்குறேன்னு சொன்னேன்ல."

"நாப்பத்தாறு வருஷமா உன்னைப் பாக்குறேன், ஆர்விட். போய் ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அழுகிடுமா?"

அவர் அவளுடைய குழாயைச் சரி செய்தார்.

அந்த வெள்ளிக்கிழமை முழங்கால் அளவு பனி. பாதி தூரம் தள்ளியதும் முதுகு பிடித்துக்கொண்டது. ஆர்விட் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். பனி ஊதும் மெஷினைக் கொண்டுவந்த டுவேன் அதை அணைத்துவிட்டுக் கேட்டார்: "என்னப்பா, எல்லாம் சரிதானே?"

"சரிதான். மூச்சு வாங்கிக்கிறேன்."

டுவேன் உடனே நகரவில்லை. ஏரியில் ஐஸ் எவ்வளவு தடிமன், யார் என்ன மீன் பிடித்தார்கள் என்று ஏதேதோ பேசிப் பார்த்தார். ஆர்விட்டும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. டுவேன் மெஷினை உருட்டிக்கொண்டு போனார். பத்து மணிக்கு டெனீஸின் கார் வந்தது, வேகம் குறைந்தது, நிற்காமல் போயிற்று.

மூன்றாவது தடவையும் ஆகிவிட்டதால் ஆபீஸில் கேஸை மூடினார்கள். முதியோர் இல்லத்து வேன் புதன்கிழமை வருவதாகச் சொன்னார்கள். வீல்சேருக்குப் பாதை வேண்டும், இரண்டு பக்கமும் இடம் விட்டு, என்றும் சொன்னார்கள்.

புதன் காலை டுவேன் யாரையும் கேட்காமல் வந்தார். வாசலிலிருந்து தெரு வரைக்கும் பனியை ஊதித் தள்ளி, ஐஸைக் கம்பியால் உடைத்து, மணலும் தூவினார். ஆர்விட் ஜன்னலில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை.

கழுத்துவரை கம்பளி போர்த்தி மார்லிஸை உருட்டிக்கொண்டு வந்தார்கள். டுவேன் நின்ற இடத்துக்கு வந்ததும் அவள் கையைத் தூக்கி வீல்சேரை நிறுத்தச் சொன்னாள்.

"நல்லா தள்ளியிருக்கே, டுவேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முன்னாடியே..."

"தெரியும். நீங்க ரெண்டு பேரும் ரொம்ப மரியாதைக்காரங்க."

வேன் போன பிறகும் டுவேன் அங்கேயே நின்றார். "இனிமே இதையும் நானே பாத்துக்கவா?"

"பாத்துக்கோ" என்றார் ஆர்விட். "இனி இங்க யாரு வரப்போறா."

அதற்கப்புறம் அந்தப் பாதையில் நடந்தவர் அவர் ஒருவர்தான். தினமும் இல்லத்துக்குப் போக பஸ் நிறுத்தம் வரை நடப்பார். மார்ச் ஒன்பதாம் தேதி மார்லிஸ் இறந்துபோனாள். அதோடு அந்த நடையும் நின்றது. அந்த வருஷம் ஏப்ரல் பாதிவரை பனி பெய்தது. ஒவ்வொரு தடவையும் டுவேன் வந்து தள்ளிவிட்டுப் போனார்.